ஒரு லோடு பாவம்

ஆபேல் இரட்சிக்கப்பட்டதில் சபைக்கு முதலில் எந்த ஆட்சேபணையும் இருக்கவில்லை. குலசேகரத்துக்கு அருகே, மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சபையில் அவன் பெயர் இருந்ததே தவிர ஆள் இருந்ததில்லை. காலையில் நாலைந்து பேருடைய தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டுவான். மாலையில் குடிப்பான். கிறிஸ்துமசுக்குக் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் தூங்குவான். அப்படிப்பட்டவன் சென்ற மழைக்காலத்தில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவரின் எழுப்புதல் கூட்டத்துக்குப் போனான், முழங்காலிட்டு அழுதான், மறுநாளிலிருந்து குடியை விட்டுவிட்டான். பரம்பரைச் சபையால் முடியாததை மூன்று நாள் பந்தல் முடித்துவிட்டதே என்று சிலருக்கு வருத்தம் இருந்தது. அது சண்டையாக வளரவில்லை. சண்டை அவன் சொன்ன சாட்சியால் வந்தது.

சாட்சி என்பது, நான் எப்படிக் கெட்டுக் கிடந்தேன், எப்படி மீண்டேன் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வது. முதல் கூட்டத்தில் ஆபேல் உள்ளதைத்தான் சொன்னான். பால் வெட்டப் போன தோட்டத்துப் புகைப்புரையில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டுகளில் பதினொன்றை எடுத்து, விற்று, குடித்துவிட்டேன் என்றான். பந்தலில் ஏழெட்டுப் பேர் ஆமென் சொன்னார்கள். அவனுக்கு முன்னால் சாட்சி சொன்ன தக்கலைக்காரர் இரண்டு பேரை வெட்டியவர். அவருக்குக் கிடைத்த அல்லேலூயாவில் பந்தல் கம்பு ஆடியிருந்தது. “பிரதர், இன்னும் கொஞ்சம் மனசு தொறந்து சொல்லணும்” என்று ஊழியக்காரர் ஆபேலைத் தனியே கூப்பிட்டு அறிவுரை சொன்னார்.

ஆபேல் மனதைத் திறந்தான். அடுத்த கூட்டத்தில் பதினொன்று நூறாயிற்று. அதற்கடுத்த கூட்டத்தில் ஒரு ஜீப் வந்தது. ஐந்தாவது கூட்டத்தில், பத்து வருடமாகத் தான் கைவைக்காத புகைப்புரை குலசேகரம் வட்டாரத்தில் இல்லை என்றும், ஒரே இரவில் ஒரு லோடு ஏற்றியதுண்டு என்றும் சொன்னான். அழுதுகொண்டே சொன்னதால் அவனுக்கே அது நடந்ததுபோல இருந்தது. அந்தச் சாட்சியைத்தான் ஊழியக்காரர்கள் வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கூப்பிய கைகளின் படத்தோடு சபையின் வாட்ஸப் குழுவில் போட்டார்.

அதன்பின் ஒரு வாரத்துக்குள் அந்த ஊரில் காணாமற்போன பொருள்களுக்கெல்லாம் கள்ளன் கிடைத்துவிட்டான். ஷீட்டு, பாக்கு மூட்டை, வெண்கல உருளி, கோயில் மைக்செட்டின் ஒரு பெட்டி. ஒரு கிழவி தன் சேவலையும் சேர்க்கச் சொன்னாள். அந்தச் சேவல் போன காலத்தில் ஆபேல் பால்குடி மறக்காத பிள்ளை. அதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆபேலின் மகள் ஷைஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய் இறந்த நாளிலிருந்து வீட்டை நடத்துவது அவள்தான். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். மாப்பிள்ளை பிரபின் பத்மநாபபுரத்துக்காரன், வளைகுடாவில், சலாலாவில் ஏசி மெக்கானிக். ஈஸ்டர் தொடங்கி மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் சபையில் அறிவிப்பதுதான் ஓலை. அது முடிந்த வாரமே கல்யாணம். அதை விட்டால் பிரபினுக்கு லீவு கிடையாது.

“தகப்பனுக்க காரியம் தீராம மகளுக்கு ஓலை வாசிக்கப்பிடாது” என்றார் சபைச் செயலாளர் யோவான். அவருக்குக் குலசேகரத்தில் ஹார்டுவேர் கடை. எதையும் இறுக்கிப் பிடிப்பது அவர் தொழில்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை கமிட்டி கூடியது. போதகர் இளைஞர், இது அவருக்கு முதல் சபை. இறையியல் கல்லூரியில் மீட்பைப் பற்றி நூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியிருந்தார். அந்த நூறு பக்கத்தில் ரப்பர் ஷீட்டைப் பற்றி எதுவும் இல்லை.

“கிருபையினாலதான் ரெட்சிப்பு. அவர் மனந்திரும்பிட்டார், குடிய விட்டுட்டார். கர்த்தர் மன்னிச்சாச்சு” என்றார் போதகர்.

“கர்த்தர் மன்னிச்சாரு, சரி” என்றார் யோவான். “கமிட்டி மன்னிக்காண்டாமா?”

சத்தியநேசன் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மூன்று ஏக்கர் ரப்பர் உண்டு. ஆபேல் பால் வெட்டியது பெரும்பாலும் அவர் தோட்டத்தில்தான். “கிருபையெல்லாம் ஆத்துமாவுக்கு, பாஸ்டர். ஷீட்டுக்கு ஆத்துமா கெடயாது. வெயிட்டுதான் உண்டு. எனக்கு மட்டும் போனது முந்நூறுக்கு மேல.”

யோவானுக்கு வாய் நமநமத்தது. “சாரே, நீங்களா இதச் சொல்லுது? வருசாவருசம் பெரிய வெள்ளிக்கு, சிலுவைல சொன்ன ரெண்டாம் வார்த்தைக்கு நீங்கதானே மேடைல கேறி நின்னு பிரசங்கம் பண்ணி கண்ணீர் விடுவீங்க? கள்ளன் ஞானஸ்நானம் எடுக்கல்ல, சந்தா கெட்டல்ல, ஒரு நல்ல காரியம் செய்யல்ல, சிலுவைலேருந்து நேரா பரதீசுக்குப் போனான்னு.”

“அந்தக் கள்ளன் எனக்க ஷீட்ட எடுக்கல்ல.”

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். சத்தியநேசன் சிரிக்கவில்லை. “நான் சகேயுவச் சொல்லுதேன். ஆயக்காரன். மரத்துலேருந்து எறங்கின கையோட, அநியாயமா வாங்குனத நாலு மடங்கா தாறேன்னு சொன்னானா இல்லியா? அதுக்குப் பொறவுதான் அவனுக்க வீட்டுக்கு ரெட்சிப்பு வந்துது.”

“ரெட்சிப்பு வந்ததுனால அவன் குடுத்தான், சார். குடுத்ததுனால வரல்ல” என்றார் போதகர். அவருடைய நூறு பக்கத்தின் சாரம் அதுதான். “அப்படிப் பாத்தா, சிலுவைல தொங்குன கள்ளன் என்னத்தத் திருப்பிக் குடுத்தான்?”

“அவனுக்க கைய ஆணி அடிச்சு வச்சிருந்துது. இவனுக்க கை சும்மாதானே இருக்கு?”

போதகர் முன்குறித்தலுக்குத் தாவினார். யார் மீட்படைவார், யார் கெட்டுப்போவார் என்பது உலகம் உண்டாகும் முன்பே தேவனுக்குத் தெரியும் என்று விளக்கத் தொடங்கினார்.

“அப்படின்னா ஆபேல் ஷீட்டெடுப்பான்னும் நேரத்தேயே அங்க தெரியும்” என்றார் யோவான். “ஒரு வார்த்த நம்மகிட்ட சொல்லியிருந்தா புகைப்புரைக்கு நல்ல பூட்டு எனக்க கடைலேருந்தே குடுத்திருப்பேன்.”

கடைசியில் தீர்மானம் சகேயு பக்கம் சாய்ந்தது. பெரிய வெள்ளியன்று சபையின் முன் ஆபேல் எல்லாவற்றையும் அறிக்கையிட வேண்டும். பறிகொடுத்தவர்களுக்கு நாலு மடங்கு தருவதாகச் சொல்ல வேண்டும். பிறகு ஓலை.

கோயிலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் நாராயணபெருமாள் அய்யாவழிக்காரர். கமிட்டி முடிந்து வந்த யோவானிடம் டீயை நீட்டியபடி கேட்டார். “அண்ணாச்சி, போன ஆவணில எனக்க ஒரு வாழக்குல போச்சு. நான் சபைல இல்ல. எனக்கு நாலு மடங்கு கிட்டுமா, இல்ல அது விசுவாசிகளுக்கு மட்டுமா?”

“வேய், நீரு முதல்ல விசுவசியும்.”

“குலைக்கு வேண்டியா? எங்க பதிக்குக் கும்பிடப் போனா அய்யா வெறுங்கையோடதான் வரச் சொல்லுவாரு. அதுவே எனக்கு லாபம்.”

தீர்மானத்தைப் போதகர் அன்று இரவே ஆபேலின் வீட்டில் போய்ச் சொன்னார். அவர் போன பின் ஷைஜா கதவைச் சாத்தினாள்.

“அப்பா, நேரச் சொல்லுங்க. எத்தற எடுத்தீங்க?”

ஆபேல் சுவரைப் பார்த்தான். “பதினொண்ணு.”

“ஜீப்பு?”

“ஜீப்புக்கு நான் எங்க போவேன், பிள்ளே? கையில பிடிச்சுட்டுதான் போனேன்.”

“பின்ன எதுக்கு ஊரெல்லாம் லோடு லோடுன்னு சொல்லிட்டு நடந்தீங்க?”

“பதினொண்ணுன்னு சொன்னா கேக்கவங்களுக்கு ஒரு இது வரமாட்டேங்கு, மக்கா. அத்தற கொஞ்சத்துக்கா அவரு ரெத்தம் சிந்தினாருன்னு தோணாதா?”

ஷைஜாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரபினின் அம்மா முந்தின நாள் போனில் கூப்பிட்டு, ஒரு லோடு என்றால் எந்த வண்டியில் என்று சாதாரணமாகக் கேட்டிருந்தாள். “நாளைக்கே கமிட்டில போய் பதினொண்ணுன்னு சொல்லுங்க.”

“அப்பம் நான் தேவனுக்க மேடைல நின்னு கள்ளம் பறஞ்சேன்னு ஆவாதா? திருட்டுக்கு மன்னிப்பு கிட்டும். கள்ளச் சாட்சிக்கு அது பத்துக் கட்டளைல தனியா ஒண்ணுல்லா?”

“திருட்டும் அதுல தனியா ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு அவள் படுக்கப் போனாள். திருடனாக நின்றால் நாலு மடங்கு. பொய்யனாக நின்றால் இரட்சிப்பே சந்தேகம். ஆபேலுக்கு எந்தப் பக்கம் போனாலும் முட்டியது.

பெரிய வியாழனன்று சத்தியநேசன் வீட்டு முன்னறையில் இரண்டாம் வார்த்தைக்கான பிரசங்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பிரசங்கம்தான். நடுவில் சகேயுவை நுழைக்க இடம் தேடினார். மனைவி ஜெபகுமாரி மறுநாள் கோயிலில் காய்ச்சும் கஞ்சிக்குப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாருங்க. முந்நூறு ஷீட்டையும் ஆபேல் எடுத்ததா நீங்க நம்புதீங்களா?”

“அவனே சொல்லுதானே.”

“அவன் சொல்லுவான். நம்ம சிஜினுக்க பைக்குல அந்தச் சத்தம் போடுத சைலன்சர் எப்படி வந்துன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

சிஜின் அவர்களுடைய ஒரே மகன். கல்லூரி கடைசி வருடம். கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். சத்தியநேசன் பிரசங்கத் தாளை மடக்கினார். “உனக்கு எப்பம் தெரியும்?”

“அப்பமே தெரியும். சொன்னா நீங்க அவனக் கம்பெடுத்துத் தல்லுவீங்க. அவனுக்காகத் தெனமும் ஜெபம் பண்ணிட்டிருந்தேன். ஆபேலுக்க வீடியோ கண்டப்பம் கர்த்தர் பதில் தந்துட்டாருன்னு நெனச்சேன்.”

“கள்ளன் நம்ம வீட்டுல. பதில் ஆபேலுக்க வீட்டுலயா?”

“ஒருத்தருக்க பாவத்த வேற ஒருத்தர் சுமக்குதது நமக்குப் புதுசா?” ஜெபகுமாரி ஒரு கல்லைப் பொறுக்கி வாசலுக்கு எறிந்தாள். “அதத்தானே வருசந்தோறும் அழுது அழுது பிரசங்கம் பண்ணுதீங்க.”

அன்று மாலை ஆராதனைக்கு முன்னால் சத்தியநேசன் போதகரைப் போய்ப் பார்த்தார். தாம் ஜெபத்தோடு யோசித்ததாகவும், கிருபைதான் வேத சத்தியம் என்றும், நாலு மடங்கு எல்லாம் பழைய ஏற்பாட்டு வாசனை வீசுகிறது என்றும் சொன்னார். ஆபேல் எல்லாவற்றையும் நான்தான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை ஏற்றுக்கொண்டால் போதும். சபை மொத்தமாக மன்னித்துவிடும். இனி ஒருவரும் பழையதைக் கிளறக் கூடாது. தன் வாதம் வென்றது என்று போதகர் மகிழ்ந்து போனார். யோவானும் எதிர்க்கவில்லை. அவர் கடையில் காணாமற்போன வயர்ச் சுருள்களைப் பற்றி இரண்டு நாளாக அவருக்கு ஆர்வம் குறைந்திருந்தது. கடையில் வேலைக்கு நிற்பவன் அவருடைய மச்சினன்.

செய்தியை யோவானே நேரில் கொண்டுபோனார். “ஏலே ஆபேலே, உனக்கு யோகம் அடிச்சிருக்கு. நாலு மடங்கு இல்ல. ஒண்ணுமே இல்ல. எல்லாம் நான்தான்னு ஒத்துக்கிடு. ஞாயித்துக்கெழம ஓலை.”

ஆபேலுக்குக் கண் நிறைந்தது. சாட்சியும் பொய்யாகாது; மகள் கல்யாணமும் நடக்கும். யோவான் போனதும் அவன் ஷைஜாவிடம், “கர்த்தருக்க கிருபையக் கண்டியா, மக்கா” என்றான்.

“கண்டேன். பதினொண்ணு ஷீட்டு எடுத்தவனுக்க மகளா நான் அந்த வீட்டுக்குப் போவேன். ஒரு லோடு எடுத்தவனுக்க மகளா போமாட்டேன். அங்க ஒரு கரண்டி காணாமப் போனாலும் எனக்க பெட்டியத்தான் தொறந்து பாப்பாங்க.”

“சொல்லல்லன்னா ஓலை வாசிக்கமாட்டாங்களே.”

அவள் எழுந்து மறுநாளைக்குச் சேலை எடுத்து வைத்தாள்.

பெரிய வெள்ளி ஆராதனை மத்தியானம் பன்னிரண்டுக்குத் தொடங்கும். சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கம் செய்வார்கள். வெயில் ஓட்டுக்கூரை வழியாக இறங்கும். மின்விசிறிகள் சூட்டைக் கலக்கிக்கொண்டிருக்கும். நாலாம் வார்த்தைக்குள் சபையில் பாதி தூங்கிவிடும். அன்று யாரும் தூங்கவில்லை. முதல் வார்த்தை முடிந்ததும் போதகர் ஆபேலை முன்னால் அழைத்தார். அடுத்துப் பேச வேண்டிய சத்தியநேசன் பிரசங்க மேடையில் ஏறி, தாளோடு காத்து நின்றார்.

ஆபேலிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அதுதான் பிழை.

“எனக்கு அன்பான சகோதர சகோதரிகளே” என்று தொடங்கினான். குரல் பந்தல் குரலாக மாறிவிட்டது. ஷீட்டுகளைச் சொன்னான். பாக்கு மூட்டையைச் சொன்னான். உருளி, மைக் பெட்டி, சேவல். ஒவ்வொன்றுக்கும் சபையில் யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு அவனை உற்சாகப்படுத்தியது. யோவானின் வயர்ச் சுருளையும் நாராயணபெருமாளின் வாழைக்குலையையும் யாரும் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டான். வேறொன்றும் நினைவுக்கு வராமல் போகவே, கோயில் மணிக்கயிற்றைக்கூட ஒரு நாள் அறுத்து விற்றேன் என்றான். அந்தக் கயிற்றை இழுத்து மணியடித்துத்தான் எல்லோரும் உள்ளே வந்திருந்தார்கள்.

பெண்கள் பக்கத்தில் ஷைஜா எழுந்தாள். “அப்பா, பதினொண்ணு.”

ஆபேல் நிறுத்தினான்.

“ஷைஜா, ஆராதனை நடக்கு” என்றார் போதகர்.

“அதுனாலதான் பாஸ்டர் சொல்லுதேன். அப்பா எடுத்தது பதினொண்ணு ஷீட்டு. சாருக்க புகைப்புரைலேருந்து. அத நாங்க தருவோம். மிச்சத்த எடுத்தவங்க இங்கதான் எங்கயாவது இருப்பாங்க. எல்லாத்தையும் அப்பாவே எடுத்துக்கிட்டா, அவங்க எப்படி ரெட்சிக்கப்படுவாங்க?”

பலர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்கள். ஆபேல் மைக்கை வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தான். “பதினொண்ணுதான்” என்றான். “மிச்சம் சாட்சிக்குள்ளது.”

முன்வரிசையிலிருந்து யோவான் எழுந்தார். ஒத்துக்கொண்டதை இவன் மீறிவிட்டான் என்ற கோபம் அவருக்கு. “அத இவன் சொன்னா போதுமா? பறிகொடுத்த ஆளு மேலதானே நிக்காரு. சாரே, சொல்லுங்க. உங்களுக்குப் போனது எத்தற?”

எல்லா முகங்களும் மேலே திரும்பின. முந்நூறு என்றால் இந்தப் பெண்ணின் ஓலை நின்றுவிடும் என்று சத்தியநேசனுக்குத் தெரியும். மிச்சத்தை எடுத்தது யார் என்ற கேள்வியும் அதோடு எழும். ஜெபகுமாரி முந்தானையை வாயில் வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஜின் கீபோர்டின் கட்டைகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன் போலக் குனிந்திருந்தான்.

“பதினொண்ணு” என்றார் சத்தியநேசன்.

“கமிட்டில முந்நூறுன்னு சொன்னீங்களே, சாரே?”

“கமிட்டில நானும் சாட்சி சொன்னேன், யோவானே. இரியும்.”

பின்பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். யோவான் உட்கார்ந்தார். சத்தியநேசன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் கள்ளனைப் பற்றி நாலு பக்கம் இருந்தது. வலதுபக்கக் கள்ளனுக்கு அன்று பரதீசு கிடைத்தது, அவன் எத்தனை திருடினான் என்று அங்கே யாரும் எண்ணவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அந்த ஆலயத்தில் அவ்வளவு சிறிய பிரசங்கத்தை யாரும் கேட்டதில்லை. மூன்றாம் வார்த்தைக்காரர் தயாராக இல்லாததால் ஒரு பாட்டு அதிகம் பாட வேண்டியதாயிற்று.

ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் கஞ்சி ஊற்றினார்கள். பரிமாறிக்கொண்டு வந்த சிஜின் ஆபேலுக்கு மட்டும் பயறு இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தான். ஆபேலுக்குக் காரணம் புரியவில்லை; தின்றான். அந்தப் பதினொன்றுக்கு ஈடாகக் கொஞ்ச நாள் கூலியில்லாமல் பால் வெட்டித் தருவதாக அவன் சத்தியநேசனிடம் சொன்னான். சத்தியநேசன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஊழியக்காரரின் ஆள் போனில் கூப்பிட்டார். மே மாதம் மண்டைக்காடு பக்கம் ஒரு கூட்டம் இருக்கிறது, சாட்சிக்கு வர வேண்டும் என்றார். ஆபேல் பதினொன்று என்று விஷயத்தைச் சொன்னான். “ஜெபிச்சிட்டுச் சொல்லுதோம், பிரதர்” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

ஈஸ்டர் ஆராதனையை இருட்டோடு தொடங்கி, வெளிச்சம் வரும்போது முடிக்கும் நேரத்தில் போதகர் ஓலையை எடுத்தார். மூன்று ஜோடிகள். முதலாவது, மார்த்தாண்டத்தில் வேலை செய்யும் ஷைஜா, ஆபேலின் மகள், பத்மநாபபுரம் பிரபின். பிரபினும் அவன் அம்மாவும் தங்கள் சபையின் ஓலைக்குப் போகாமல் இங்கே வந்து நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நடந்ததை அதற்குள் யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மாமியாராகப் போகிறவள் கைப்பையை மடியில் வைத்திருந்தாள், இறுக்கிப் பிடிக்கவில்லை.

“இவ்விருவரும் விவாகத்தால் இணைக்கப்படுவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போது சொல்லலாம்” என்று வாசித்துவிட்டு, போதகர் வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார்.

யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் இனி ஒருவர் இன்னொருவரின் குற்றத்தை எழுந்து நின்று சொல்வதென்றால், முதலில் தன் வீட்டுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது.

ஆனால் சபையில் பேச அழைத்தால் எழுந்துவிடுவது ஆபேலுக்குப் பழகிவிட்டது. கை பெஞ்சின் முதுகைப் பிடித்தது. பாதி எழுந்தான். ஜெபகுமாரியின் முந்தானை மறுபடி வாய்க்குப் போனது. யோவான் கண்ணை மூடிக்கொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஷைஜா திரும்பிப் பார்த்தாள்.

ஆபேல் உட்கார்ந்தான். போதகர் இரண்டாவது ஜோடியின் பெயர்களை வாசித்தார்.